நீலக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

நகரசபை ஆட்கள் எங்கள் வீட்டு முன்புல்லில் நீலப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்குத் தெருப் பக்கம் கிடந்த தண்ணீர்க் குழாய் அவர்களுடையது. அதைக் கிண்டி எடுத்து, புதுச் செம்புக் குழாய் போட்டு, குழியை மூடித் தாரும் ஊற்றினார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், புல்லுக்குக் கீழால் எங்கள் பேஸ்மென்ற் சுவர் வரைக்கும் வருகிற குழாய் எங்களுடையது. அது பழைய ஈயக் குழாய். அது தனியார் நிலத்தில் கிடப்பதால் பொதுப்பணத்தில் ஒரு சதமும் அதற்குச் செலவழிக்க முடியாது என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சொல்வார்கள். இங்கே சாமியும் பூசாரியும் சேர்ந்தே பாதி வரத்தைக் கொடுத்துவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் ரொறன்ரோ ஆறு நகரசபைகளாகப் பிரிந்து கிடந்தது. எங்களுடையது எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. தொண்ணூற்று நாலாம் ஆண்டு கோடைகாலம். எங்களுக்கு ஒரேயொரு காரியம் நடக்கவேண்டியிருந்தது. அந்த மிச்சக் குழாய் நிலத்தை விட்டு வெளியே வரவேண்டும். ஏனென்றால் எங்கள் மகள் நிரோஷினியின் இரத்தத்தில் ஈயம் இருந்தது.

நிரோஷினிக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு சொல்லும் பேசமாட்டாள், ‘அம்மா’ கூட இல்லை. சிலதுகள் பிந்தித்தான் கதைக்கும், பிறகு வாய் மூடாது என்று ஞாயிறு பூசைக்கு வருகிற சனம் எங்களுக்கு ஆறுதல் சொன்னது. ஆனால் அவளுடைய முகம் வெளிறிக்கொண்டு போனது. சாப்பாட்டைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவின் மூலையில் இருப்பாள். டொக்டர் இரத்தம் எடுத்தார். பிறகு இன்னொரு தரம் எடுத்தார். பிறகு எங்களுக்குக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இருக்கச் சொல்லிவிட்டு எந்த டொக்டரும் நல்ல செய்தி சொன்னதில்லை.

வீடு எவ்வளவு பழையது என்று கேட்டார். சண்டைக்கு முந்தியது என்றேன். எந்தச் சண்டைக்கு என்று கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் யாருக்கும் வரும். இரண்டாம் உலக யுத்தம் என்று விளக்கினேன். அப்படியானால் தண்ணீர்க் குழாய் ஈயமாக இருக்கும், அதைச் சோதிக்க வேண்டும், இன்றிலிருந்து பிள்ளைக்குப் போத்தல் தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்றார். குடிப்பது நின்றால் இரத்தத்தில் உள்ளது மெல்ல மெல்லக் குறையும். மூளைக்குப் போனது என்னவாகும் என்று கேட்டேன். அதைக் காலம்தான் சொல்லவேண்டும் என்றார்.

“என்னப்பா சொல்லுறார்?” என்று யூஜினி கேட்டாள்.

நான் சொன்னேன். அவர் சொன்ன வரிசையில், அவர் சொன்ன குரலில் சொன்னேன். அதுதான் என் தொழில்.

பகலில் ஒரு பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில் வேலை. கூப்பிடுகிற நாட்களில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போவேன். அங்கே சட்டம் மிகவும் எளிது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது. முன்னால் இருக்கிறவர் ‘என்னை அடித்தார்கள்’ என்றால் நானும் ‘என்னை அடித்தார்கள்’ என்றுதான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். ‘அவரை அடித்தார்களாம்’ என்று சொன்னால் பிழை. இப்படி எத்தனையோ பேருக்காக நான் அடிவாங்கியிருக்கிறேன், வீடு எரிந்து நின்றிருக்கிறேன், தம்பியைப் பறிகொடுத்திருக்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறேன். முதலில் கொஞ்ச நாள் நித்திரை வரவில்லை. பிறகு நன்றாக வந்தது. டொக்டரின் அறையிலும் அப்படித்தான் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பனிக்குள் நின்று விறைத்த காலில் யாரோ மிதித்ததுபோல, மிதிக்கிறார்கள் என்று தெரிந்தது, நோகவில்லை.

யூஜினிக்கு என்னைப்போல ஒரு தொழில் இருக்கவில்லை. அவள் ஸ்காபரோவில் ஒரு தையல் ஃபாக்டரிக்குப் போய்வந்தாள். பஸ்ஸில் வரும்போது இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு வருவாள். எங்களிடம் கார் இல்லை. சோறு வடிக்க, தேத்தண்ணி போட, பிள்ளைக்குப் பால் கரைக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர். ஆனாலும் ஒரு வீட்டுக்குள் பைப்பை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை எப்படி அதிலிருந்து பிரிப்பது? குளிக்க வார்த்தால் நிரோஷினி ஈரத் துவாயை வாயில் வைத்துச் சூப்புவாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, பைப்பைத் திறந்து வாயைக் கொடுப்பாள். யூஜினி ஓடிப்போய்ப் பறித்துத் தூக்குவாள். ஒரு நாள் பறித்த வேகத்தில் பிள்ளையின் சொண்டில் இரத்தம் வந்துவிட்டது. அதற்கும் அவள் சத்தம் போட்டு அழவில்லை.

“உந்தக் குழாய் போகவேணும், இஞ்சேருங்கோ,” என்றாள் யூஜினி. “உது நிலத்துக்கை கிடக்குமட்டும் எனக்கு நித்திரையில்லை.”

குழாயை மாற்றக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். வீட்டை நாங்கள் வாங்கியது விலை உச்சத்தில் இருந்தபோது. டோர்செட் பார்க்கில் கரப்பான்பூச்சி அப்பாட்மென்ற்றில் இருந்த எங்களைப் பார்த்து, வாடகை கட்டுவது காசைக் குப்பையில் போடுகிற வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் ஆழம் பாராமல் காலை விட்டோம். வாங்கியபின் விலை விழுந்தது. இப்போது வீட்டின் பெறுமதியைவிடக் கடன்தான் பெரிது, இதற்குமேல் ஒன்றும் தரமுடியாது என்று வங்கிக்காரன் சிரித்த முகத்தோடு சொன்னான். கரப்பான்பூச்சி அப்பாட்மென்ற்றில் குழாய்கள் செம்பு. இதைப் பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கி வேலைக்குப் போனேன்.

இதற்கெல்லாம் முன்னால், டொக்டர் சொன்ன கிழமையே, தண்ணீரைச் சோதிக்க நகரசபையிலிருந்து ஒரு சிறிய போத்தல் வந்தது. விடிய எழும்பியதும், வீட்டில் யாரும் பைப்பைத் திறக்கமுன், முதல் வருகிற தண்ணீரைப் பிடித்து அனுப்பவேண்டும் என்று அதோடு குறிப்பு இருந்தது. நான் யூஜினிக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

“அது நான் எப்பவும் பிடிக்கிற தண்ணிதானே,” என்றாள்.

உண்மைதான். யூஜினி யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவள். அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு என்பது ஊருக்கு ஒன்றிரண்டுதான். இரவெல்லாம் ஊறி நிற்கிற தண்ணீர் விடியற்காலையில் தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். சனம் வாளி போட்டு அள்ள அள்ள அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஆகவே வீட்டில் பால்குடிப் பிள்ளை இருந்தால் விடியத் தண்ணீர் அந்தப் பிள்ளைக்கு. வெயில் ஏறியபின் வருகிறது பெரிய ஆட்களுக்கு. தீவாருக்கு இது செபம் மாதிரி. கனடாவுக்கு வந்தும் அவள் அதை விடவில்லை. இருட்டோடு எழும்பி, நான் முகம் கழுவுவதற்கும் முன்னால், சில்வர் குடத்தில் முதல் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்துவிடுவாள். அதை இரண்டு தரம் கொதிக்கவைத்து ஆறவைத்து, அதில்தான் மகளுக்கு அன்று முழுவதும் பால்மா கரைப்பாள். “பைப்புக்கு என்ன விடிய, பின்னேரம்?” என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். “உங்களுக்குத் தண்ணியைப் பற்றி என்ன தெரியும், யாழ்ப்பாணம் ரவுண்காரர்,” என்பாள்.

போத்தலை அனுப்பினோம். ஈயம் இருக்கிறது, கூடுதலாக இருக்கிறது என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் வந்து நீலக்கோடு இழுத்தார்கள். குழாய் பிழை என்று எங்களுக்கு விளங்கியது. குழாய் பிழை என்றால் அதற்குள்ளால் வருகிற தண்ணீர் எந்த நேரத்திலும் பிழைதானே. அதற்குமேல் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினர் ஒரு பெண். நல்ல மனுசி. வீட்டுக்கே வந்து, நீலக்கோட்டைப் பார்த்து, நிரோஷினியின் தலையைத் தடவினார். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், கோட்டுக்கு உட்பட்ட குழாயையும் நகரசபைச் செலவிலேயே மாற்றவேண்டும் என்று தான் ஒரு தீர்மானம் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். எங்களைப்போல அந்தத் தெருக்களில் நிறைய வீடுகள் இருந்தன. குழுக்கூட்டத்தில் பொதுமக்கள் ஐந்து நிமிடம் பேசலாம், நீங்கள் வந்து பேசவேண்டும் என்றார்.

இந்தக் கதை எப்படியோ அருள்நாயகம் அண்ணையின் காதுக்குப் போய்விட்டது. தமிழ்ச் சங்கம் என்ற பெயரில் இந்த நகரத்தில் எத்தனை இருந்ததோ அத்தனையிலும் அவர் உபதலைவர். தலைவராக யாரும் விடவில்லை. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்து சோபாவில் இருந்தார்.

“நீக்கிலாஸ், நீர் பேசக்கூடாது,” என்றார் என்னைப் பார்த்து. “உம்மடை இங்கிலிஷ் நல்ல இங்கிலிஷ். அது எடுபடாது. தாய் பேசவேணும். தமிழிலை பேசவேணும். நீர் பக்கத்திலை நிண்டு மொழிபெயர்க்கவேணும். அப்பதான் உவங்களுக்கு நெஞ்சிலை தைக்கும்.”

“எனக்குக் கூட்டத்திலை கதைக்க வராது அண்ணை,” என்றாள் யூஜினி.

“வரும் பிள்ளை. குழந்தையையும் கொண்டு வா.”

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னது சரி. யூஜினி ஒரு கிழமையாகச் சமையல் கட்டில் நின்று பேசிப் பழகினாள். வெங்காயம் அரிந்துகொண்டு, மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். நான் இடையில் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்வேன். முதல் தரம் அவள் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

குழுக்கூட்டம் ஒரு வியாழக்கிழமை முற்பகல். நான் ஃபாக்டரிக்கு லீவு போட்டேன். யூஜினி பூசைக்கு உடுக்கிற நீலச் சட்டையை உடுத்தாள். நிரோஷினி அவள் மடியில் இருந்தாள். அரைவட்ட மேசையில் உறுப்பினர்கள் இருந்தார்கள், நடுவில் தலைவர். எங்களுக்கு முன்னால் யாரோ மரம் வெட்டுகிற பிரச்சினை பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார்கள். அவ்வளவு நேரமும் நிரோஷினி அசையாமல் இருந்தாள். தலைவர் அவளைக் கவனித்துவிட்டு, ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், இந்தச் சபைக்கு இதுவரை வந்தவர்களில் இந்தச் சின்னப் பெண்தான் நல்ல பழக்கமுள்ளவள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அருள்நாயகம் அண்ணையும் சிரித்தார்.

யூஜினி என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் பிள்ளையின் தலையில் நாடியை வைத்துக்கொண்டாள்.

முறை வந்ததும் பேசினாள். நன்றாகவே பேசினாள். “எங்கடை பிள்ளை குடிச்சது நகரசபை அனுப்பின தண்ணி. தண்ணிக்கு நாங்கள் காசு கட்டுறம். தண்ணி உங்களுடையது எண்டால் அது வாற குழாய் மட்டும் எப்பிடி எங்கடையாகும்? புல்லுக்கு மேலை நீங்கள் போட்ட கோடு தண்ணிக்குத் தெரியாது.” நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வைத்தேன். மரப் பிரச்சினைக்கு வந்த ஒரு கிழவி கைக்குட்டையை எடுத்தார். உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். எங்கள் வட்டாரத்து மனுசி எனக்குக் கண்ணைக் காட்டினார். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அந்த நேரம் எனக்குள் ஏதோ இளகியது. சந்தோசம் என்று சொல்வதற்குப் பயமாக இருந்தது.

பிறகு எதிர்ப்பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். தன் தகப்பனும் ஒரு பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவர்தான் என்று தொடங்கினார். இந்தத் தாயின் துயரம் தன் நெஞ்சைத் தொடுகிறது என்றார். ஆனால் பொதுப்பணத்தைத் தனியார் புல்லுக்குக் கீழே புதைக்கத் தொடங்கினால் நாளைக்குக் கூரையும் கேட்பார்கள், மறுநாள் அடுப்பும் கேட்பார்கள். செலவில்லாமல் பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இல்லையா என்று நகரசபையின் தண்ணீர்ப் பொறியியலாளரைப் பார்த்துக் கேட்டார்.

இருக்கிறது என்றார் பொறியியலாளர். அவர் கெட்டவர் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நான் யூஜினியின் காதுப் பக்கம் குனிந்து, பழக்கதோஷத்தில், அவர் வாயிலிருந்து வர வரத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். “ஈயம் தண்ணீரில் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரவு முழுவதும் குழாய்க்குள் அசையாமல் நிற்கிற தண்ணீரில்தான் அது ஊறும். விடிய முதல் வருகிற தண்ணீர்தான் ஆக மோசமானது. அதைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஊற்றிவிட்டால், பிறகு வருகிறதில் பெரும்பாலும் குறைந்துவிடும். கொதிக்கவைப்பதால் ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.”

வாயால் சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதுக்குப் போனது. நான் நிறுத்தினேன். யூஜினி என்னைப் பார்க்கவில்லை. பொறியியலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திருப்பிச் சொல்லுங்கோ,” என்றாள்.

“யூஜினி, பிறகு…”

“திருப்பிச் சொல்லுங்கோ.”

திருப்பிச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, ஒலிவாங்கிக்குப் போனாள். அவளுடைய ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. தலைவர் கையைக் காட்டி, பேசட்டும் என்றார். நான் நிரோஷினியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். தூரத்தில் இருந்து அருள்நாயகம் அண்ணை, வேண்டாம் வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார். ஆளுக்கு எதிலும் மூளை பிந்தாது.

“விடியத் தண்ணியை நான்தான் குடுத்தனான்,” என்றாள் யூஜினி.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நான்தான் கொடுத்தேன்.

“மற்ற ஆக்கள் துறக்கமுந்தி எழும்பிப் பிடிச்சனான். நல்ல தண்ணியெண்டு பிடிச்சனான். அவளுக்கு மட்டும்தான் குடுத்தனான். நாங்கள் பிந்தி வாறதைக் குடிச்சம்.”

மற்றவர்கள் திறக்கமுன் நான் எழுந்து பிடித்தேன். நல்ல தண்ணீர் என்று பிடித்தேன். அவளுக்கு மட்டும்தான் கொடுத்தேன். நாங்கள் பிந்தி வருகிறதைக் குடித்தோம்.

“ரெண்டு தரம் கொதிக்க வைச்சனான்.”

இரண்டு தரம் கொதிக்கவைத்தேன்.

நான் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. ‘எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை’ என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம் என்று அருள்நாயகம் அண்ணை பிறகு என்னைப் பேசினார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் அவர்களிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தாள்.

மெலிந்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. “அம்மா, உங்களுக்கு நன்றி,” என்றார். “இன்று எங்களுக்கு உண்மையான பிரச்சினையைக் காட்டியது நீங்கள்தான். இது குழாய்ப் பிரச்சினை இல்லை. இது தகவல் பிரச்சினை. இந்தத் தாய்க்கு அவருடைய மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காது.”

அதற்குப் பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. குழாய்த் தீர்மானத்தில் ஒரு திருத்தம், திருத்தத்தில் ஒரு திருத்தம். கடைசியில் குழாய் போய்விட்டது, பிரசுரம் வந்துவிட்டது. நகரசபைச் செலவில், இந்நகர மக்கள் பேசுகிற முக்கிய மொழிகள் எல்லாவற்றிலும். எங்கள் வட்டாரத்து மனுசியும் கையை உயர்த்தினார். ஒன்றுமில்லாததற்கு இதாவது கிடைத்ததே என்று பிறகு என்னிடம் சொன்னார். எதிர்த்து ஒருவரும் இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதையும் கைதட்டி நிறைவேற்றினார்கள்.

“தமிழும் லிஸ்ற்றிலை இருக்கு ஐசே!” என்று அருள்நாயகம் அண்ணை வெளி விறாந்தையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நகரசபை சொந்தச் செலவிலை தமிழிலை அடிக்கிறது இதுதான் முதல் தரம். இது சின்ன விசயமில்லை.”

அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. தோளில் பிள்ளை இருந்தாள். கையை விடுவித்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

பஸ்ஸில் நிரோஷினி நித்திரையாகிவிட்டாள். யூஜினி ஜன்னல் பக்கம் இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. குழறி அழுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. என்னுடைய விறைப்பு அவளுக்கும் தொற்றிவிட்டது என்று கண்டேன். ஒரு வீட்டுக்கு அப்படி ஒருவர் இருந்தால் போதும்.

“உனக்குத் தெரியாதுதானே,” என்றேன்.

“உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாது.”

“நீங்கள் பகிடி பண்ணினீங்கள்,” என்றாள். “பைப்புக்கு என்ன விடிய, பின்னேரம் எண்டு. நான் அதையாவது கேட்டிருக்கலாம்.”

அவள் கையைப் பிடித்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். அவள் கையை இழுக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. எங்கள் தரிப்பு வந்ததும் மணியை அவள்தான் அடித்தாள்.

இலையுதிர்காலத்தில் பிரசுரம் என்னிடமே வந்தது. தமிழுக்கு மொழிபெயர்க்கப் பதிவுசெய்யப்பட்ட ஆட்களின் பட்டியலில் என் பெயரும் இருந்ததாம். யார் வீட்டுக் கதையால் அது பிறந்தது என்று அனுப்பிய பெண்ணுக்குத் தெரியாது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு பின்னேரம் இருந்து முடித்துக் கொடுத்தேன். அதில் ஒரு மொட்டைக் குழாய்ப் படமும் சிரிக்கிற ஒரு குழந்தையின் படமும் இருந்தன. யூஜினி அதை வாங்கி நின்றபடியே வாசித்தாள்.

“சரியாய்த்தான் எழுதியிருக்கிறியள்,” என்றாள்.

அச்சடித்த கட்டுகளை அருள்நாயகம் அண்ணை எல்லா இடமும் கொண்டுபோனார். கோவில்களில், கடைகளில், எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற தேவாலயத்தில் ஒரு கட்டு வைத்தார். அந்த ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது யூஜினியைக் காணவில்லை. பார்த்தால் அந்தக் கட்டை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வாசலில் நிற்கிறாள். ஒரு கையில் பேப்பர், மற்றக் கையில் நிரோஷினி. நிரோஷினியின் இரத்தத்தில் ஈயம் குறையத் தொடங்கியிருந்தது. பேச்சு இன்னும் வரவில்லை.

குழந்தையோடு வருகிற ஒரு பெண்ணையும் யூஜினி விடவில்லை. பேப்பரைக் கையில் கொடுத்து, “விடியத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதைங்கோ. நான் குடுத்தனான்,” என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். கோவம் இல்லை, அழுகை இல்லை, ஒரே குரல். சிலர் பேப்பரை வாங்கிக்கொண்டு நிரோஷினியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி பின்னால் போய் இன்னொருத்தியிடம் ஏதோ குசுகுசுத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யூஜினி அதைத் தானே திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நான் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு நெஞ்சுக்குள் நொந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு உண்மையாகவே நொந்தது. ஆனாலும் நான் தடுக்கவில்லை. இந்தத் தடவை அவளுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

கடைசியாக அன்ரனெற் வந்தாள். ஃபாக்டரியில் யூஜினியோடு தைக்கிற சின்னப் பெண். பிள்ளை பிறந்து மூன்று மாதம் இருக்கும், தள்ளுவண்டியில் கிடந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அதே வயதுப் பழைய வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறாள்.

“விடியத் தண்ணியைக் குடுக்காதை அன்ரனெற். ஊத்திப்போட்டுப் பிறகு பிடி. நான் குடுத்தனான்.”

அன்ரனெற் பேப்பரை வாசித்தாள். குழாய்ப் படத்தைப் பார்த்தாள்.

“நகரசபை தந்ததோ அக்கா இது?”

“ஓம்.”

“அப்ப உங்கடை வீட்டுக் குழாயை அவை மாத்தித் தந்திட்டினமே?”

“இல்லை,” என்றாள் யூஜினி. “இதைத்தான் தந்தவை.”